ஆறே ஆறு மில்லிமீட்டர்

செகண்ட் ஹேண்டில் ரோட் பைக் (மோட்டார் இல்லை, குனிந்து ஓட்டும் சைக்கிள்தான்) வாங்கும்போது, விற்றவர் என்னைவிட ஒரு சாண் உயரம் என்பது உறைக்கவே இல்லை. விலை குறைவு, பெயின்ட் பளபளப்பு, அவ்வளவுதான் கண்ணில் பட்டது. முதல் ஞாயிறு ஈசிஆரில் முட்டுக்காடு போய்த் திரும்புவதற்குள் கழுத்து விறைத்து, சுண்டுவிரல் இரண்டும் யாருடையதோ போல மரத்துவிட்டன. திருவான்மியூரில் டீ கிளாஸை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன், ஏதோ தீர்த்தம் மாதிரி.

குற்றவாளி ஸ்டெம் என்று முடிவு கட்டினேன். ஹேண்டில்பாரை முன்பக்கக் குழாயோடு கோக்கும் கட்டைதான் அது. இருந்தது 120 மி.மீ. நீளம், எனக்கு 90 போதும். ஆன்லைனில் நீளம் பார்த்தேன், 6 டிகிரி கோணம் பார்த்தேன், குழாய் 28.6 என்பதைக்கூடப் பார்த்தேன். பாரைக் கவ்வும் வாயின் அளவை மட்டும் பார்க்கவில்லை. வந்தது 25.4. என் பார் 31.8.

தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லேசா தட்டுனா உக்காந்துரும் தம்பி" என்று சுத்தியலை எடுத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடியே வந்துவிட்டேன்.

சரி, இரண்டாவது ஸ்டெம் சரியான அளவில் வந்தது. நானே மாட்டினேன். ஸ்டெம்மின் தலையில் இருக்கும் மேல்மூடி போல்ட்தான் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது என்று நினைத்து மூச்சைப் பிடித்து முறுக்கினால், ஹேண்டில் துருப்பிடித்த கேட் மாதிரி திரும்புகிறது. அது பேரிங்கின் ஆட்டத்தை எடுக்க மட்டும்தானாம், லேசாக முறுக்கினால் போதும்; பிடித்து வைப்பது பக்கவாட்டு போல்ட்கள். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டி, ஒரு கண்ணை மூடி நேர் பார்த்து, வெற்றியோடு நிமிர்ந்தால் அம்மா காபியோடு நிற்கிறாள்.

"ஏன்டா, சக்கரம் ஒரு பக்கம் பாக்குது, கைப்பிடி ஒரு பக்கம் பாக்குது?"

பார்த்தால் நிஜம்தான். இன்னும் அரைமணி நேரம் போனது.

அடுத்த ஞாயிறு கழுத்து தேவலை, கை மட்டும் அப்படியே. அப்புறம்தான் கவனித்தேன், சீட்டின் மூக்கு கீழே குனிந்திருக்கிறது. நான் வழுக்கி வழுக்கி மொத்த உடம்பையும் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். அலன் கீயால் இரண்டு திருப்பு, சீட் மட்டமானது, விரல்கள் திரும்பி வந்தன. இதை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்று யாரும் கேட்க வேண்டாம், வீட்டில் கேட்டாயிற்று.

அந்த 25.4-ஐத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. இப்போது மொட்டைமாடியில், வடாம் காயும் வேட்டி பறக்காமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு மூலைக்கும் ஒன்று கிடைக்குமா என்று அம்மா கேட்கிறாள்.