ஐந்தாவது வரியில் நின்ற பில்

"நாலு ஐட்டம் வரைக்கும் சேவ் ஆகுதுங்க தம்பி. அஞ்சாவது சேர்த்தா சுத்திக்கிட்டே நிக்குது."

திருப்பூர் கிளையில் பில் போடும் அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. 2011-இல் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் எனக்கு நெட்வொர்க் பொறுப்பு. சர்வர் கோவையில் இருந்தது, பில் போடுவது திருப்பூரில். அதற்கு முந்தைய வாரம்தான் கிளைக்குப் புது இணைப்பு வாங்கி, இரண்டு ஊர் ரூட்டர்களுக்கும் நடுவே, இரண்டும் நேராக இணைந்தது போல ஆக்கும் ஜிஆர்இ டனல் போட்டிருந்தேன். உடனே பிங் அடித்துப் பார்த்தேன், அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று. ஒன்றுகூடத் தவறாமல் பதில் வந்தது. லாகின் ஆகிறது, பழைய பில்கள் திறக்கின்றன, நூறு பக்க ரிப்போர்ட்கூட இறங்குகிறது. "நெட்வொர்க் நல்லாத்தான் இருக்குங்க அக்கா, சாஃப்ட்வேர்ல பார்க்கச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் வீணாகப் போயிற்று. சாஃப்ட்வேர்காரர்கள் டேட்டாபேஸைப் பார்த்தார்கள். நான் கேபிளை மாற்றினேன், ஸ்விட்சில் வேறு போர்ட்டில் செருகினேன். ஷிப்மென்ட் நாள் என்பதால் அந்த அக்கா ஒரே பில்லை நாலு நாலு வரியாக உடைத்து, இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து போட்டிருக்கிறார். எனக்கு அது மூன்றாம் நாள் நேரில் போனபோதுதான் தெரிந்தது.

அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்: எந்த பில் போயிற்று, எது நின்றது, எத்தனை வரி. அதைக் காட்டிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "ஐட்டம் பேரு நீளமா இருந்தா மூணுலயே நின்னுடுதுங்க."

அந்த வார்த்தையில்தான் எனக்கு விளங்கியது. கணக்கு வரிகளில் இல்லை, எழுத்துகளில் இருக்கிறது. அதாவது பைட்டுகளில்.

நெட்வொர்க்கில் தகவல் பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். ஈதர்நெட்டில், அதாவது அலுவலகக் கேபிள் நெட்வொர்க்கில், ஒரு ஐபி பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். அதில் முகவரி எழுதிய ஐபி தலைப்புக்கு 20, வரிசை எண் எழுதிய டிசிபி தலைப்புக்கு 20 போனால், சரக்குக்கு மிஞ்சுவது 1460. இணைப்பு தொடங்கும்போதே இரண்டு முனைகளும் "எனக்கு 1460 வரை அனுப்பு" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. ஆனால் அவை பேசிக்கொள்வது தங்கள் வீட்டு வாசலைப் பற்றி மட்டும்தான். நடுவழியில் என்ன இருக்கிறது என்று இரண்டுக்கும் தெரியாது. நடுவில் இருந்தது நான் போட்ட டனல். ஜிஆர்இ ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறைக்குள் போடும். உறைக்கு 24 பைட். ஆக, உள்ளே நுழையக்கூடியது 1476 மட்டுமே.

பெரிய பாக்கெட் வந்தால் ரூட்டர் அதைத் துண்டுபோட்டு அனுப்பியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் இன்றைய கணினிகள் டிசிபி பாக்கெட்டுகளில் 'துண்டாக்காதே' என்று குறி வைத்தே அனுப்புகின்றன. 1990-இல் மோகலும் டீரிங்கும் எழுதிய ஆர்எஃப்சி 1191 என்ற இணைய விதி ஆவணத்தின் வழி அது. துண்டாக்க முடியாத பாக்கெட்டை ரூட்டர் கீழே போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு சின்னத் தகவல் அனுப்ப வேண்டும்: "இது பெரிது, இந்த அளவுக்குள் அனுப்பு." அனுப்பியவர் குறைத்துக்கொள்வார். அந்தத் தகவல் போவது ஐசிஎம்பியில், அதாவது நெட்வொர்க் தன் பிழைகளைச் சொல்லும் செய்தி முறையில். அதில் இது வகை 3, குறியீடு 4. பிங் போவதும் ஐசிஎம்பியில்தான், வேறு வகையாக. இணையத்தில் எந்த ஒரு மையமும் வழி முழுவதையும் அளந்து வைத்திருப்பதில்லை. இடித்த இடம் சொல்ல, அனுப்பியவர் திருத்திக்கொள்கிறார். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் இன்றும் பெரிய மரியாதை உண்டு.

சந்தேகத்தைச் சோதிக்க, அக்காவின் கணினியிலிருந்தே 'துண்டாக்காதே' குறியோடு பிங் அடித்தேன். விண்டோஸில் பிங் சும்மா அடித்தால் 32 பைட்தான் போகும். இரண்டு நாளாக அதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். இப்போது 1472 வைத்தேன். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8, ஆக 28-ஐக் கூட்டினால் சரியாக 1500. பதில் இல்லை. 1449, பதில் இல்லை. 1448, உடனே பதில். 1448-உம் 28-உம் 1476.

எண் பொருந்தியதில் வந்த மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ரூட்டர் "பெரிது" என்று சொல்லியிருந்தால் திரையில் அதற்கான செய்தி வந்திருக்க வேண்டும். வந்தது 'நேரம் கடந்துவிட்டது' மட்டும். சொன்னதை யாரோ நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். ரூட்டருக்கும் கணினிக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு பெட்டி, எதை விடலாம் எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் கிளையின் ஃபயர்வால். அதைத் திறந்து பார்த்தேன். பிங்குக்கு மட்டும் அனுமதி, மற்ற ஐசிஎம்பி எல்லாம் தடை. அந்த வரியை எழுதியவன் நான்தான், ஒரு வருடத்துக்கு முன்பு.

ஏன் எழுதினேன் என்பதும் நினைவிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஐசிஎம்பியை வைத்து நடந்த ஸ்மர்ஃப் மாதிரித் தாக்குதல்களைப் படித்திருந்தேன். தணிக்கைக்காக வந்த பட்டியலிலும் "ஐசிஎம்பியை மூடுக" என்று ஒரு வரி இருந்தது. மூடிவிட்டு, எனக்குத் தேவையான பிங்கை மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன். பழைய இணைப்பில் டனல் இல்லாததால் ஒரு வருடம் எதுவும் வெளியே தெரியவில்லை. பாலத்தடியில் லாரி இடிக்கிறது என்று சொல்ல ஓடி வந்தவனைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிய வாட்ச்மேன் வேலையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஐபியை வரையறுத்த 1981-ஆம் ஆண்டிலேயே வந்தது ஆர்எஃப்சி 792. அதில் ஐசிஎம்பி ஐபியின் பிரிக்க முடியாத பகுதி என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நான் அதைப் படிக்காமலே ஃபயர்வால் விதி எழுதியிருக்கிறேன்.

ரிப்போர்ட் மட்டும் ஏன் நன்றாக இறங்கியது? கோவை ஃபயர்வால் வேறொருவர் பொறுப்பில் இருந்தது. அங்கே இந்தத் தடை இல்லை. அந்த ஊர் ரூட்டர் சொன்னது சர்வரை எட்டியது, சர்வர் குறைத்து அனுப்பியது.

திருத்துவதற்கு முன் நின்றுபோன ஒரு பில்லை, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பிடித்துப் பார்த்தேன். பில் 1460-ஐத் தாண்டியதும் இரண்டு பாக்கெட்டாகப் பிரிந்தது. இரண்டாவது, சின்னது, கோவைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலாவது சேரவில்லை. வரிசை மாற்றிக் கொடுப்பது டிசிபிக்கு வழக்கமில்லை, அதனால் சர்வர் முதல் துண்டுக்காகக் காத்திருந்தது. இந்தப் பக்கம் கணினி அதே துண்டை, அதே வரிசை எண்ணோடு, மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அக்கா திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் இதுதான்.

வகை 3, குறியீடு 4-ஐத் திறந்துவிட்டேன். கூடவே இரண்டு ரூட்டர்களின் டனலிலும், இணைப்பு தொடங்கும்போது சொல்லிக்கொள்ளும் 1460-ஐ 1436 ஆக (1476-இல் தலைப்புகளின் 40 போக) மாற்றும்படி வைத்தேன். வழியில் வேறு யாராவது ஐசிஎம்பியை மூடினாலும் பில் நிற்கக் கூடாது அல்லவா. ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6 வந்த பிறகு இது இன்னும் முக்கியம். அதில் நடுவழி ரூட்டர்கள் எந்தப் பாக்கெட்டையும் துண்டாக்குவதே இல்லை.

அப்புறம் அக்காவை ஒரு பெரிய பில் போடச் சொன்னேன். 27 வரி. எண்டர் தட்டிவிட்டுக் கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேவ் ஆனது.

இரண்டு இரவு உட்கார்ந்ததற்கு நான்தான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். "பரவாயில்லைங்க தம்பி" என்றவர், உடைத்துப் போட்ட பில்களை எடுத்து மறுபடி ஒன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் நோட்டைப் பார்த்து எண்களை வாசித்தேன்.