சின்ன ராஜுலா: இரண்டாங்கட்டிலிருந்து தொண்டிக் கடல் வரை

மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு, காலை ஆறே கால். தொண்டிக்குத் தெற்கே முழங்கால் ஆழத் தண்ணீரில் நாங்களே கட்டிய சின்னப் பாய்மரப் படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, நான் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் பாயை ஏற்றினார். பதினாலு மாதமாக எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் (உள்முற்றப் பகுதியில்) பலகையாகக் கிடந்தது, காற்றுப் பட்டதும் என் கையை இழுத்தது. அந்த இழுப்பு இன்னும் கையிலேயே இருக்கிறது.

ஆசை விழுந்தது லங்காவியில். மகள் பிரசவத்துக்குப் பினாங்கு போயிருந்தபோது, பாய்மரப் படகிலேயே குடியிருக்கும் ஒரு தம்பதியோடு ஒருநாள் சுற்றினோம். சின்னதும் பெரிசுமாக 99 தீவு என்கிறார்கள். ஒரு தீவின் நிழலை விட்டு வெளியே வந்தால் அடுத்தது எதிரே நிற்கும். தயாங் பூந்திங் தீவில் இறங்கி, கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நல்ல தண்ணீர் ஏரியில் கால் நனைத்தோம். ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தது அந்த இரண்டு பேரைத்தான். அந்த அம்மா சுக்கானில், அவர் கயிற்றில். நாள் பூராவும் ஒருத்தரை ஒருத்தர் அதட்டவில்லை. திருப்பத்துக்கு முன்னால் ஒரு சொல், அவ்வளவுதான். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம். எங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறிப் பினாங்கு போனவர். அவருடைய தகரப் பெட்டி இன்னும் வீட்டுப் பட்டாலையில் (முன்கூடத்தில்) இருக்கிறது. 1926-இல் கட்டிய அந்தக் கப்பலின் பெயரைத்தான் படகுக்கு வைத்தோம்.

படகுக்கு மாதிரி மிரர் டிங்கி என்ற சின்னப் பாய்மரப் படகு. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், சொந்த வீட்டில் சாதாரண ஆட்களே கட்டிக்கொள்ளட்டும் என்று வரைந்தது. நீளம் 3.3 மீட்டர். சட்டம் கோத்துப் பலகை அறையும் நம் ஓடாவி (படகுத் தச்சர்) முறை இதில் கிடையாது. மரைன் பிளைவுட்டை வெட்டி, ஓரமெல்லாம் துளை போட்டு, செப்புக் கம்பியால் துணி தைப்பதுபோலத் தைத்து, உள்மூட்டில் எபாக்சி என்ற இறுகும் பசையைப் பூசிக் கண்ணாடி நார்ப் பட்டையை ஒட்ட வேண்டும். தையல் எனக்குக் கைவந்தது என்பதால் கம்பி முடிச்சு முழுக்க என் பொறுப்பு.

எபாக்சிதான் பாடாய்ப் படுத்தியது. நம் ஊர் வெயிலில் டம்ளரில் கலக்கி வைத்தால் பத்து நிமிஷத்தில் புகைந்து கல்லாகிவிடும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க ஆரம்பித்த பிறகுதான் வேலை ஓடியது. தட்டில் பரப்பினால் சூடு சேராது. தச்சுப்பட்டறையிலிருந்து வந்த தேக்குத் தூளைச் சலித்து அதில் சேர்த்துக் குழைத்தால், பணியார மாவு பதத்துக்கு வரும்போது மூட்டில் வழியாமல் நிற்கும். தரையின் ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டு விழுந்தாலும் போகாது என்று ஜமுக்காளம், அதன்மேல் தார்ப்பாய் விரித்தோம். வரைபடப்படி கூடு 45 கிலோதான். ரைஸ் மில் தராசில் வைத்தபோது 58 காட்டியது. எபாக்சியைத் தாராளமாக ஊற்றியதன் எடை அது.

வெள்ளோட்டத்தை ஊருணியில் வைக்க மனசு வரவில்லை, ஊர் குடிக்கிற தண்ணீர். தை மாதம் நிறைந்து கிடந்த கண்மாயில் விட்டோம், கவிழ்ந்தோம். கவிழ்ந்ததைவிட, நிமிர்த்திய பிறகும் அணியம் தாழ்ந்தே நின்றதுதான் பயமாக இருந்தது. படகை மிதக்க வைக்கும் முன்பக்கக் காற்றறைக்குள் தண்ணீர். வீட்டுக்குக் கொண்டுவந்து, மூட்டெல்லாம் சோப்பு நுரை தடவி, வடிகால் துளையில் குழாய் வைத்து இவர் வாயால் ஊத, நான் டார்ச் பிடித்துத் தேடினேன். மூன்றாவது மூட்டில், ஊசி நுனி அளவில் ஒரே இடத்தில் குமிழ் வந்தது. கம்பியை உருவிய துளை ஒன்றை அடைக்காமல் விட்டிருக்கிறோம்.

கடலுக்கு மார்ச் வரை காத்திருந்தது வாடைக்காகத்தான். வாடை அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணை குட்டைத் தண்ணீரில் கிடந்து குதிக்கும். வாடை ஓய்ந்தால் காலையில் கரைக்காற்று, மதியத்தில் கடல்காற்று. ஒன்றில் போய் மற்றதில் திரும்பலாம். துணைக்குத் தன் ஃபைபர் படகில் வந்த மீனவ அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று: "ஆச்சி, தாமானைக் கட்டிப் போட்ராதீங்க. கையிலயே இருக்கட்டும். காத்து முட்டுனா இளக்கி விட்ருங்க." நாங்கள் படித்த கையேடுகளும் பாயை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கயிற்றைப் பற்றி இதைத்தான் சொல்கின்றன. அண்ணன் வாயில் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

பத்து மணிக்குக் காற்று செத்தது. கடற்புல்மேல் நங்கூரம் போட்டால் வேரோடு பிடுங்கும் என்பதால் வெறும் மணல் திட்டாகத் தேடிப் போட்டோம். இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை, அடி தெளிவாகத் தெரிந்தது. புல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, நடுவே வரப்பு வெட்டிய மாதிரி ஒரு வெறும் மணல் கோடு வளைந்து போனது. "ஆவுளியா மேஞ்ச தடம்" என்றார் அண்ணன். கடல்பசு புல்லை வேரோடு தின்று போகிற வழி. இங்கிருந்து வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அதற்கான காப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. சீப்புச்சீடை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆவுளியா வரவில்லை.

பன்னிரண்டுக்கு மேல் கடல்காற்று எழுந்தது. காற்று முதுகில் இருக்கும்போது பாயை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாற்றுவதுதான் கடினம். நான் சுக்கானில். "தயாரா?" என்று கேட்பதற்குள் இவர் இடம் மாறிவிட்டார். படகு சாய்ந்து, விளிம்பு தண்ணீரை அள்ளியது. தாமான் கையில் இருந்ததால் இளக்கிவிட்டுத் தப்பினோம். வாளியால் இறைத்துக்கொண்டே அப்போதே பேசி முடிவு செய்தோம்: நான் "தயாரா?" என்பேன், இவர் "தயார்" என்று சொன்ன பிறகுதான் சுக்கான் அசையும், பாய் தாண்டிய பிறகுதான் இவர் அசைவார். கரை சேர்வதற்குள் ஏழு தடவை மாற்றினோம். கடைசி நான்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவும்போது பார்த்தால், சுக்கான் கீலின் திருகுகளில் அதற்குள் துரு. பித்தளை என்று கொடுத்தது வெறும் முலாம். எட்டையும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்ற வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் மறுபடி தொண்டி. அப்போது இவர் சுக்கானில், நான் கயிற்றில்.