டையை எவ்வளவு கீழே இறக்குவது?

ரைஃபிள் தோட்டாவை வீட்டில் திரும்ப நிரப்புகிறவர்கள் கூடினால் பேச்செல்லாம் வெடிமருந்தைப் பற்றியும் குண்டைப் பற்றியும்தான். ஆனால் ஒரு பித்தளைக் கேஸ் (மருந்தையும் குண்டையும் தாங்கும் கூடு) நாலைந்து தடவையிலேயே பிளந்துவிடுமா, பத்து தடவைக்கு மேலும் தாங்குமா என்பது பெரும்பாலும் சுட்ட கேஸை ஒடுக்கும் அச்சான ரீசைஸிங் டை, அதைத் திருகிப் பொருத்தும் நெம்புகோல் கருவியான பிரஸ்ஸில் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. (நான் எழுதுவது அமெரிக்காவில் இருந்துகொண்டு. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது.)

சுடும்போது பித்தளை விரிந்து, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்குகிறது, ஆனால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அதை மறுபடி ஒடுக்கி, கழுத்து புது குண்டைப் பிடிக்கும்படி செய்வதுதான் டையின் வேலை. பெட்டியோடு வரும் தாளில் பொதுவாக என்ன எழுதியிருக்கும்? கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கு, அப்புறம் இன்னும் எட்டில் ஒரு சுற்றோ கால் சுற்றோ திருகு. எந்த ரைஃபிளிலும் நுழையும் கேஸ் வேண்டும் என்றால் அது சரி. உங்களிடம் இருப்பது ஒரே ரைஃபிள் என்றால் அது பித்தளையை வீணாக்கும் வழி.

ஏன் என்று சொல்கிறேன். .308 வின்செஸ்டரில் ஹெட்ஸ்பேஸுக்கான (சேம்பரைப் பின்னால் மூடும் போல்ட்டின் முகத்திலிருந்து கேஸின் தோள் தாங்கும் இடம்வரை உள்ள தூரம்) 'கோ' கேஜ், அதாவது போல்ட் மூட வேண்டிய அளவுகோல், 1.630 அங்குலம்; மூடக் கூடாத 'நோ-கோ' 1.634. இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற இடத்தில் டை கேஸின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 0.008 அங்குலம் பின்னால் தள்ளிவிட்டால், சுடும்போது ஃபயரிங் பின் கேஸை முன்னால் தள்ளுகிறது, முன்பகுதி சேம்பரைப் பிடித்துக்கொள்கிறது, அடிப்பாகம் மட்டும் போல்ட்டைத் தேடிப் பின்னால் நீள்கிறது. நீள்வது அடிக்குச் சற்று மேலே உள்ள சுவர். ஒவ்வொரு தடவையும் அது மெலிந்துகொண்டே வரும், வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரியும், உள்ளே பேப்பர் கிளிப்பின் வளைத்த நுனியை விட்டு இழுத்தால் பள்ளம் தட்டுப்படும். அதையும் மீறிச் சுட்டால் கேஸ் இரண்டாகப் பிரியும், சூடான வாயு உங்கள் முகம் இருக்கும் பக்கம் வரக்கூடும்.

சரி, எப்படி வைப்பது? உங்கள் ரைஃபிளில் இரண்டு மூன்று தடவை சுட்ட கேஸை எடுங்கள், அடியில் உள்ள பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரைக் கழற்றுங்கள் (வெளியே துருத்திய பிரைமர் அளவைக் கெடுத்துவிடும்), காலிப்பரில் தோளில் பொருந்தும் துணைக்கருவியான கம்பேரேட்டர் மாட்டி அடியிலிருந்து தோள்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டையை நன்றாக மேலே ஏற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். முதலில் அளவு குறையாது, கூடும்! உடம்பை ஒடுக்கும்போது பித்தளை முன்னால் பிதுங்குவதால் தோளும் முன்னே போகிறது. இந்தக் கட்டத்தில் போல்ட் முன்பைவிடக் கடினமாக மூடும், பயப்பட வேண்டாம், தொடருங்கள். சுட்ட அளவைவிட 0.002 அங்குலம் குறைந்ததும் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். ஏஆர்-15 மாதிரி தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளுக்கு 0.003 அல்லது 0.004. டையின் மரையில் ஓர் அங்குலத்துக்கு 14 சுற்று, அதாவது ஒரு சுற்று சுமார் 0.071 அங்குலம். 5 டிகிரி திருப்பினாலே ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். இப்போது அந்தக் கால் சுற்றை நினைத்துப் பாருங்கள்.

.300 வின்செஸ்டர் மேக்னமில் அடியைச் சுற்றிப் பட்டையாக பெல்ட் இருக்கிறதே, ஹெட்ஸ்பேஸை அதுவே பார்த்துக்கொள்ளாதா என்பார்கள். முதல் தடவை சுட்டபின் பெல்ட்டை மறந்துவிட்டு தோளை வைத்தே அளவு பாருங்கள், கேஸ் நீடிக்கும். கழுத்தை மட்டும் ஒடுக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை, சில தடவைக்குப் பிறகு போல்ட் இறுக ஆரம்பித்து எப்படியும் உடம்பு முழுவதையும் ஒடுக்கும் டைக்குத்தான் வர வேண்டும். பழைய லீ-என்ஃபீல்டில் .303 சுடுகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும், அந்த சேம்பர்கள் அவ்வளவு தாராளமானவை.

ஒடுக்கும் முன் கேஸ் வழுக்குவதற்காகப் பூசும் மெழுகு விஷயத்தில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. உடம்பில் விரலால் மெல்லிய பூச்சு, கழுத்துக்கு உள்ளே துளி. தோளில் அதிகம் தங்கினால் குழி விழும். பூசாமல் விட்டால் கேஸ் டைக்குள் சிக்கி விளிம்பு கிழிந்துவிடும். கழுத்தின் உள்ளே காய்ந்திருந்தால், அதை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் வெளியே வரும்போது நீங்கள் பாடுபட்டு வைத்த தோளையே முன்னால் இழுத்துவிடும். முடிந்ததும் மெழுகைத் துடைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் எண்ணெய்ப்பசை உள்ள கேஸ் சேம்பரைப் பிடிக்காமல் போல்ட்டை மிகையாக மோதும்.

கேஸின் மொத்த நீளத்தை, ஒடுக்கி முடித்த பிறகே அளக்கவும், .308-க்கு உச்சவரம்பு 2.015 அங்குலம், அதைத் தாண்டினால் வெட்டிக் குறைப்பது 2.005-க்கு. ஒவ்வொரு தடவை சுடும்போதும் பித்தளை கடினமாகிக்கொண்டே போவதால், டையை அசைக்காமலே தோளைத் தள்ளும் 0.002 என்பது 0.001 ஆகலாம், ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் சில கேஸை மறுபடி அளந்துவிட்டே மீதியைப் போடுங்கள்.