ஆசீர்வாதமாய்ப் போவாய்

மகளின் தமிழ் வகுப்பில் போன வாரம் ஒரு பயிற்சி: வீட்டில் அடிக்கடி காதில் விழும் ஐந்து சொற்களை எழுதி வர வேண்டும். அவள் எழுதியவை: கெதியாய், சனியன், எருமை, மூதேவி, வாயை மூடு. ஆசிரியை நான்குக்குச் சரி போட்டிருந்தார். கடைசியானது இரண்டு சொல் என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. ‘சனியன்’ என்பதில் றன்னகரம்கூடப் பிசகவில்லை. எட்டு வயதில் நான் அதைப் பிழையாகத்தான் எழுதியிருப்பேன்.

காரில் வரும்போது சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சுட்டது.

கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து பதினொரு வருடங்கள். ஊர் எனக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நான்தான் ‘சாரி’ சொல்கிறேன். இறங்கும்போது சாரதிக்கு நன்றி. வேலையிடத்தில் யார் பிழை விட்டாலும் முகம் கோணுவதில்லை. வீட்டுக் கதவைத் திறந்ததும் தமிழ் தொடங்கும். பகல் முழுவதும் விழுங்கியதெல்லாம் அதில்தான் வெளியே வரும். பிள்ளைக்குத் தெரிந்த தமிழில் பாதி என் களைப்பு. ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள் வேறு நான்.

அம்மம்மாவுக்குக் கோபமே வராது என்று சொன்னால் பொய். திருகோணமலைக் கோட்டையின் புள்ளிமான்கள் ஊருக்குள் உலாவுவது எங்களுக்குப் புதினமில்லை. வேலியில் ஓட்டை கண்டால் வளவுக்குள்ளும் வந்துவிடும். அம்மம்மா தண்ணீர் ஊற்றி வளர்த்த முளைக்கீரைப் பாத்தியை ஒரு விடியற்காலை இரண்டு மான்கள் மொட்டையடித்துவிட்டன. விளக்குமாற்றோடு ஓடிவந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார்: “ஆசீர்வாதமாய்ப் போவாய்!”

‘நாசமாய்’ என்று கிளம்பியதை வழியிலேயே திருப்பிவிட்ட வேகம் அது. தொனியில் நாசம் முழுதாக இருந்தது. சொல் மட்டும் மாறியிருந்தது. திருவிய தேங்காயைத் திருடித் தின்ற எங்களுக்கும் அதே ஆசீர்வாதம்தான். “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்” என்று வேதாகமத்தின் 141ஆம் சங்கீதத்தை ஒவ்வொரு மாலையும் சொல்லுவார். காவல்காரனுக்கு உன்னிடம் ஓய்வே இல்லை என்று தாத்தா கதிரையில் சாய்ந்தபடி சிரிப்பார்.

மூட்டுவலி கூடினால் எங்களையும் கூட்டிக்கொண்டு கன்னியாவுக்குப் போவார். அடுத்தடுத்து ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒன்றில் இளஞ்சூடு, இன்னொன்றில் வாளியைத் தலையில் கவிழ்த்தால் துள்ள வேண்டும். ஈரத் துவாய் தோளில், கையில் கச்சான் சுருள், பஸ்ஸின் ஜன்னலோரத்துக்குச் சண்டை. எதையோ சொல்ல வந்தேன். ஆம், வேதாகமத்து யாக்கோபு. ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து தித்திப்பும் கசப்புமான தண்ணீர் சுரக்குமா என்று அவர் தன் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கேட்கிறார். இந்த ஞாயிறு அதை வாசித்தபோது எனக்குக் கன்னியாதான் கண்ணில் நின்றது. என் வாய்க்குள் இரண்டு கிணறுகள். ஊராருக்கு ஆங்கில இளஞ்சூடு. கொதிக்கிற தமிழில் குளிப்பது என் பிள்ளை.

நேற்று பனிச்சேறு ஒட்டிய சப்பாத்தோடு கம்பளத்தில் நடந்து வந்தாள். தொண்டைவரை வந்துவிட்டது.

“ஆசீர்வாதமாய்ப் போவாய்!”

அம்மம்மாவின் குரல் அப்படியே. மகள் நின்றுவிட்டாள்.

“அம்மா, இது புது ஏச்சா?”

“ஏச்சு இல்லை.”

“அப்படியானால் ஏன் கத்துகிறீர்கள்?”

பதில் வரவில்லை. அவள் கொப்பியை எடுத்து வந்து ‘சீ’ நெடிலா என்று கேட்டாள். நெடில் என்றேன். பிறகு இருவரும் கம்பளத்தைத் துடைத்தோம்.

இன்று காலை பள்ளி பஸ்ஸுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. ‘எரு’ வரை வந்து நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை அவளே சொல்லி முடித்தாள்.