மூலையில் ஒரு குட்டிச் சூரியன்

வெயில் எட்டாத மூலையில் தக்காளி நாற்றுகள் கொக்குபோலக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. மனம் கேட்கவில்லை, நானே எல்இடி விளக்கு செய்துவிட்டேன்.

முதலில் 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பும் 450 நீலமும் மட்டும். அந்த ஊதா வெளிச்சத்தில் இலை பச்சையா பழுப்பா என்றே தெரியவில்லை! வெள்ளைக்கு மாறினேன், அதன் உள்ளே இருப்பதும் நீலச் சில்லுதானே, மேலே அந்த நீலத்தை வெள்ளையாக்கும் பாஸ்பர் பூச்சு.

3 வாட் எல்இடி பத்துக்கு விரலகல அலுமினியப் பட்டை போதும் என்று நினைத்தது என் அசட்டுத்தனம். தொட்ட விரல் இன்னும் எரிகிறது. சூடேறினால் எல்இடிக்கு வேண்டிய மின்னழுத்தம் இறங்கும், கொடுக்கும் மின்னழுத்தம் அப்படியே இருந்தால் மின்னோட்டம் எகிறும். அதனால்தான் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் மின்சுற்று, அதாவது மாறா மின்னோட்ட டிரைவர் தேவைப்படுகிறது. இப்போது துடுப்புகள் வைத்த பெரிய வெப்பக்கடத்தி மாட்டியிருக்கிறேன்.

புதுத் தண்டு குட்டையாக, தடித்து வருகிறது. 14 மணி நேரத்தில் டைமர் விளக்கை அணைத்துவிடுகிறது. நான்தான் இருட்டிலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.