பெயரை ஒட்டி நிற்கும் சிறு சொல்

இயந்திரக் கையேடுகளையும் அலுவலகச் சுற்றறிக்கைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது பல ஆண்டுகளாக என் பணி. கலைச்சொற்கள் என்னை அதிகம் தடுமாற வைத்ததில்லை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது, அதிலும் கிடைக்காவிட்டால் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தடுமாற வைத்தவை ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’, ‘ஆஃப்’, ‘டு’ போன்ற முன்னிடைச்சொற்கள்தாம். அதிலும் குறிப்பாக, அவை ஒரு பெயர்ச்சொல்லுக்கு அடுத்து வந்து அந்தப் பெயரின் இடத்தையோ காலத்தையோ சொல்லும் இடங்கள்.

பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில் ஒரு குளிரூட்டும் இயந்திரத்தின் பராமரிப்புக் கையேடு என்னிடம் வந்தது. அதில் ஒரு பக்கத்தில் ‘தி சென்சார் ஆன் தி டேங்க்’ என்றும், நான்கு பக்கங்கள் தள்ளி ‘தி சென்சார் இன் தி டேங்க்’ என்றும் இருந்தன. இரண்டையும் ‘தொட்டியில் உள்ள சென்சார்’ என்றே எழுதினேன். எழுதும்போது கை சற்றும் தயங்கவில்லை. அச்சுக்குப் போகும் முன் படியைப் பார்த்த பராமரிப்புப் பொறியாளர் தொலைபேசியில் கேட்டார்: “சார், எந்த சென்சாரைக் கழற்றச் சொல்றீங்க? வெளியில ஒட்டியிருக்கிறதையா, உள்ள தண்ணிக்குள்ள இருக்கிறதையா?” வெளிப்புறத்தில் இருந்தது வெப்பநிலையை அளப்பது, இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். உள்ளே இருந்தது நீர்மட்டத்தை அளப்பது. அதைத் தொடவேண்டுமானால் முதலில் தொட்டி முழுவதையும் வடிக்க வேண்டும். மூலத்தில் ஒரே ஒரு சொல் காட்டியிருந்த அந்த வேறுபாட்டை என் தமிழ் அழித்துவிட்டிருந்தது.

அன்று மாலை சுவர் என்ற ஒரு பெயரை வைத்துக்கொண்டு மூன்று தொடர்களை எழுதிப் பார்த்தேன். ‘தி க்ராக் இன் தி வால்’ என்றால் விரிசல் சுவரின் உடலுக்குள் ஓடுகிறது. ‘தி பிக்சர் ஆன் தி வால்’ என்றால் படம் சுவரின் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ‘தி கார்ட் அட் தி வால்’ என்றால் சுவருக்கு உள்ளும் புறமும் அங்கே பொருட்டல்ல. சுவர் வெறும் ஓர் அடையாளப் புள்ளி, காவலர் அந்தப் புள்ளியில் இருக்கிறார். முதல் இரண்டையும் தமிழில் ‘சுவரில்’ என்ற ஒரே உருபால் சொல்லிவிடலாம்; மூன்றாவதையும் பலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள். தமிழில் இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. ஏழாம் வேற்றுமையாகிய ‘கண்’, வினை நிகழும் இடத்துக்கும் நிலத்துக்கும் காலத்துக்கும் பொதுவாக வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது.

இதனால் தமிழில் நுட்பம் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆங்கிலம் முன்னிடைச்சொல்லில் வைப்பதைத் தமிழ் பெயரெச்சத்தில் வைக்கிறது. சுவரில் விழுந்த விரிசல், சுவரில் மாட்டிய படம், சுவரருகே நிற்கும் காவலர் என்று சொன்னால் எந்தக் குழப்பமும் இல்லை. ஆங்கிலத் தொடரில் வினையே கிடையாது. தமிழாக்குபவர்தான் அங்கே மறைந்திருக்கும் வினையைக் கண்டெடுக்க வேண்டும். ‘உள்ள’ என்ற சொல் அந்த உழைப்பிலிருந்து நம்மைத் தப்பிக்க விடுகிறது. ஆகவே என் படியில் ‘உள்ள’ வரும் ஒவ்வோர் இடத்திலும் இன்றும் ஒரு கணம் நின்று, அது பொருத்தியதா, ஒட்டியதா, பதித்ததா, மிதப்பதா என்று கேட்டுப் பார்க்கிறேன். அந்தக் கையேட்டிலும் ‘தொட்டியின் வெளிப்புறத்தில் பொருத்திய சென்சார்’, ‘தொட்டிக்குள் இருக்கும் சென்சார்’ என்று பிரித்து எழுதிய பிறகுதான் பொறியாளர் ஒப்புதல் தந்தார்.

காலத்தைச் சொல்லும்போது சிக்கல் வேறுவிதமானது. மணிக்கு ‘அட்’, நாளுக்கு ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’ என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. காலம் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பதில்தான் தவறுகிறோம். ‘இன்ஃபார்ம் ஆல் ஸ்டாஃப் ஆஃப் தி மீட்டிங் ஆன் ஃப்ரைடே’ என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை என்பது கூட்டத்தின் நாளா, தெரிவிக்க வேண்டிய நாளா? ஆங்கில வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. தமிழிலோ ‘வெள்ளிக்கிழமை நடைபெறும் கூட்டத்தைப் பற்றி’ என்றோ, ‘கூட்டத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை தெரிவிக்கவும்’ என்றோ ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன், கூட்டமே வெள்ளிக்கிழமைதான். காலை பத்து மணிக்குக் கூடவேண்டிய கூட்டத்தைப் பற்றி ஒரு பிரிவினருக்கு அன்று காலை ஒன்பதரைக்குத்தான் தெரியவந்தது. அன்று முதல், இரண்டு பொருள் தரும் தொடரை அனுப்பியவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் நான் தமிழாக்குவதில்லை. அப்படிக் கேட்பதை அறியாமை என்று நினைக்கும் இளையவர்களுக்கும் இதையே சொல்லிவருகிறேன்.

ஒப்பந்தங்களில் இன்னும் கவனம் வேண்டும். கெடு ஜூன் 10 என்று வைத்துக்கொள்வோம். ‘அன் எக்ஸ்டென்ஷன் ஆஃப் ஃபிஃப்டீன் டேஸ்’ என்றால் பதினைந்து நாட்கள் கூடுகின்றன. புதிய கெடு ஜூன் 25. ‘அன் எக்ஸ்டென்ஷன் டு ஜூன் ஃபிஃப்டீன்’ என்றால் ஐந்து நாட்கள்தான் கூடுகின்றன. ‘ஆஃப்’ அளவைச் சொல்கிறது, ‘டு’ எல்லையைச் சொல்கிறது என்று இதைக் கொண்டு ஒரு விதி வகுத்துக்கொண்டேன். அந்த விதியும் நிலைக்கவில்லை. ‘எக்ஸ்டென்ஷன் ஆஃப் தி டெட்லைன்’, ‘எக்ஸ்டென்ஷன் டு தி டெட்லைன்’ இரண்டும் கெடுவை நீட்டித்தல் என்ற ஒரே பொருளில் வருகின்றன. முன்னிடைச்சொல்லுக்குப் பின் வருவது கால அளவா, நாளா, நீட்டிக்கப்படும் பொருளா என்பதைப் பார்த்த பிறகே அந்தச் சிறு சொல்லின் வேலை விளங்குகிறது. இதுபோலவே ‘விதின் தர்ட்டி டேஸ் ஆஃப் தி இன்வாய்ஸ் டேட்’ என்பதில் ‘ஆஃப்’ இருக்கிறதே என்று ஆறாம் வேற்றுமையைத் தேடக்கூடாது. அது ‘பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள்’ என்பதுதான்.

ஒருமுறை, எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையைக் கொண்டுவந்தார். ‘வி விசிட்டட் டு தி ப்ளான்ட்’ என்று எழுதியிருந்தார். ‘ஆலைக்குச் சென்றோம்’ என்பதிலுள்ள ‘கு’ அவருடைய ஆங்கிலத்தில் ‘டு’ ஆகிவிட்டது. அதைத் திருத்தினேன். மறுவாரம் அவர் ‘தி விசிட் டு தி ப்ளான்ட்’ என்று எழுதிவிட்டு, தாமே அந்த ‘டு’வை அடித்துவிட்டுக் கொண்டுவந்தார்.

“போன வாரம் நீங்கதானே சார் இதை எடுக்கச் சொன்னீங்க?” என்றார்.

கேள்வி நியாயமானது. ‘விசிட்’ வினையாக நிற்கும்போது இடப்பெயரை நேரடியாகவே ஏற்கிறது. அதே சொல் பெயரான உடனே இடத்தைச் சொல்ல ‘டு’ தேவைப்படுகிறது. அறைக்குள் நுழைவதைச் சொல்லும் ‘என்டர்’ என்ற வினைக்கும் முன்னிடைச்சொல் வேண்டாம். ‘என்ட்ரி’ என்ற பெயருக்கு ‘இன்டு’வோ ‘டு’வோ வேண்டும். ஆனால் ‘அரைவ்’ வினையாக இருந்தாலும் ‘அரைவல்’ என்று பெயரானாலும் விமான நிலையத்துக்கு ‘அட்’, நாட்டுக்கு ‘இன்’ என்று அதே சொற்களையே வைத்துக்கொள்கிறது. இதைச் சொன்னபோது அவர் தம் குறிப்பேட்டில் வினைக்கு ஒரு பத்தி, பெயருக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டுக்கொண்டார்.

அந்தக் குறிப்பேடு இப்போது எங்கள் மேசைகளுக்கு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. சென்ற வாரம் அவர் அதில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: ‘தி வால்வ் அட் தி பம்ப்’. வால்வு பம்பின் மேல் பொருத்தியதா, பம்பை ஒட்டிய குழாயில் இருப்பதா என்பது அந்த ‘அட்’டிலிருந்து தெரியவில்லை. வரைபடத்தை அனுப்பும்படி கேட்டு எழுதினோம். இரண்டு நாள் கழித்து வரைபடம் வந்தது. வால்வு குழாயில்தான் இருந்தது. ‘பம்புக்கு அருகே குழாயில் பொருத்திய வால்வு’ என்று எழுதிப் படியை அனுப்பிவைத்தார்.