ஆஞ்சியோ, ஸ்டென்ட்: எது எங்கே தவறுகிறது?

இதயத்துக்குள் ஒரு குழாயை விடப்போகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் பயம் இதயத்தைப் பற்றித்தான். கேத் லேபில் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் அறையில்) நாள்தோறும் நிற்பவர்களைக் கேட்டால் வேறு இரண்டு இடங்களைச் சொல்வார்கள். ஒன்று, குழாய் நுழைந்த துளை. இன்னொன்று, வீட்டுக்குப் போனபின் விழுங்கவேண்டிய மாத்திரை. இதயத்துக்குள் விபத்து நடப்பதே இல்லை என்று அர்த்தமில்லை. நடக்கும்போது பெரிதாகவே நடக்கும். ஆனால் எண்ணிக்கையில் மற்ற இரண்டும்தான் முந்தி நிற்கின்றன, அவற்றைத்தான் கவனத்தால் குறைக்கவும் முடியும்.

"99 சதவீதம் பாதுகாப்பானது" என்று சொல்வார்கள். பொய் இல்லை, ஆனால் அது யாருடைய கணக்கு என்று கேட்கவேண்டும். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் எடுக்கும் ஆஞ்சியோகிராமில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் கீழே. முன்கூட்டியே நாள் குறித்து வைக்கும் ஸ்டென்டில் (அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலைக்குழாய்) நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மாரடைப்பு வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, அதிர்ச்சி நிலையில் கொண்டுவரப்படுபவருக்கு அதே மேசையில், அதே கைகள் செய்தாலும், நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதம் பேர் பிழைப்பதில்லை. இந்த மூன்றையும் கூட்டி ஒரு சராசரி எடுத்தால் அது ஒருவருக்கும் பொருந்தாது. வயது, சிறுநீரகம், ரத்தசோகை, இதயத்தின் பம்பு வலிமை, அவசரமா இல்லையா, இந்த ஐந்தையும் வைத்துத்தான் ஒருவருடைய ஆபத்தை மதிப்பிடவேண்டும்.

1977 செப்டம்பரில் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதய ரத்தக்குழாயில் பலூனை விரித்தார். அதற்கடுத்த சில ஆண்டுகளில், பலூன் போட்டவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேரை உடனே பைபாஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. விரித்த குழாய் கிழிந்து மூடிக்கொள்ளும். கிழிந்த சுவரை ஒட்டிப்பிடிக்க ஸ்டென்ட் வந்தபிறகு அந்த ஓட்டம் நூற்றுக்கு அரைக்கும் கீழே இறங்கிவிட்டது.

இனி துளைக்கு வருவோம். இதற்கு நிறைய இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் பேச்சில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

தொடை வழியாகப் போகும்போது குத்தவேண்டிய இடம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு நேர் முன்னால் தமனி ஓடும் பகுதி அது. அங்கே குத்தினால், பிறகு அழுத்தும்போது பின்னால் எலும்பு தாங்கும். அதற்கு மேலே போய்விட்டால் துளை இடுப்பு மடிப்பின் தசைநாருக்கு மேல், வயிற்றுப் பக்கம் சேர்ந்துவிடும். கசியும் ரத்தம் வயிற்றின் பின்புறம் தேங்கும். வெளியே வீக்கமே தெரியாமல் லிட்டர் கணக்கில் போகலாம். முதுகு வலி, விலா வலி, கூடவே இறங்கும் ரத்த அழுத்தம்: இந்த மூன்றும் சேர்ந்தால் "ரொம்ப நேரம் மல்லாந்து படுத்ததால் வலிக்கிறது" என்று விட்டுவிடக்கூடாது. உடனே ஹீமோகுளோபின் பார்க்கவேண்டும், சிடி எடுக்கவேண்டும். கீழே குத்திவிட்டால் தமனி பிரியும் கிளையில் படும். அங்கே தாங்க எலும்பு இல்லாததால் துளை மூடாமல் பக்கத்தில் ரத்தப் பை உருவாகும், தொட்டால் துடிக்கும். சிறிய பை தானாகவே அடைத்துக்கொள்ளும். பெரிதாக இருந்தால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே உள்ளே திராம்பின் ஊசி போட்டு உறைய வைப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்புத் தலையைப் பார்த்துக் குத்துவது பழைய நல்ல பழக்கம். அல்ட்ராசவுண்டில் தமனியையே பார்த்துக் குத்துவது அதைவிட நல்லது.

ஷீத்தை (மற்ற குழாய்கள் உள்ளே போகத் துளையில் வைக்கும் உறைக்குழாயை) எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஊசி சாய்வாக உள்ளே போவதால் தோலில் தெரியும் துளைக்கும் தமனியில் உள்ள துளைக்கும் இடையே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். அழுத்தவேண்டியது தோல் துளையின் மேல் இல்லை, அதற்குச் சற்று மேலே, வயிற்றுப் பக்கமாக. தோல் துளையையே அழுத்திக்கொண்டிருந்தால் வெளியே ரத்தம் நிற்கும், உள்ளே கசியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்திருந்தால் ஏசிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 180 வினாடிக்குக் கீழே வந்தபிறகே எடுக்கவேண்டும். பிறகு 15 முதல் 20 நிமிடம் விடாமல் அழுத்தவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தூக்கி "நின்றுவிட்டதா" என்று பார்த்தால் உருவாகிவந்த உறைவைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று பொருள். அதற்குப்பின் நாலைந்து மணி நேரம் காலை மடக்காமல் படுக்கவேண்டும். இருமல், தும்மல் வந்தால் கட்டின் மேல் கையால் அழுத்திக்கொள்ளவேண்டும்.

மணிக்கட்டு வழி இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டது. கனடாவின் லூசியன் காம்போ 1989இல் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் எடுத்ததை வெளியிட்டார். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் கீமெனேய் அதே வழியில் பலூனும் ஸ்டென்டும் கொண்டுபோனார். 2015இல் வந்த மேட்ரிக்ஸ் ஆய்வு, மாரடைப்போ அதை ஒட்டிய நிலையோ உள்ள 8,404 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. மணிக்கட்டு வழியில் ரத்தக்கசிவும் குறைந்தது, உயிரிழப்பும் குறைந்தது. வேறு காரணம் இல்லாதபோது தொடையில் குத்துவதற்கு இன்று நியாயம் சொல்வது கடினம்.

மணிக்கட்டுக்கும் அதன் சிக்கல் உண்டு. அங்கே தமனியின் விட்டம் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர். 6 பிரெஞ்ச் என்ற அளவுள்ள ஷீத்தின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட இரண்டரை. தமனி இறுகிப் பிடித்துக்கொண்டால் குழாய் நகராது, முழங்கை வரை வலிக்கும். அதற்காகத்தான் ஷீத் வழியாக நைட்ரோகிளிசரின், வெராபமில் போன்றவற்றைக் கொடுப்பது. இறுகியபின் இழுத்துப் பார்ப்பது தவறு. மயக்க மருந்து, இன்னொரு முறை நைட்ரோகிளிசரின், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் வழி.

பிறகு வருவது சத்தமே போடாத சிக்கல்: தமனி அடைத்துப்போவது. உள்ளங்கைக்குப் பக்கத்துத் தமனியும் ரத்தம் தருவதால் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அடுத்த முறை அந்த வழி கிடைக்காது. முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெப்பாரின் போதாமை, துளையை அழுத்திப் பிடிக்கும் மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவைப்பது. பட்டையில் 13 முதல் 15 மில்லி காற்று ஏற்றுவது வழக்கம். ஏற்றியபின் மெதுவாகக் காற்றை இறக்கி, துளையில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப்பார்த்ததும் ஒன்றிரண்டு மில்லி மட்டும் திருப்பி ஏற்றவேண்டும். ரத்தம் நிற்கவேண்டும், ஓட்டமும் நிற்கக்கூடாது. சரிபார்க்க எளிய வழி: கட்டைவிரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை விரலால் அழுத்துங்கள். திரையில் அலை ஓடினால் பட்டைக்குக் கீழே ரத்தம் ஓடுகிறது. அலை படுத்துவிட்டால் பட்டை இறுக்கம். அரை நிமிட வேலை இது, பல இடங்களில் யாரும் செய்வதில்லை. சிறுநீரகம் நலிந்து எதிர்காலத்தில் டயாலிசிஸ் வரலாம் என்றிருப்பவருக்கு மட்டும் மணிக்கட்டைத் தொடுமுன் இருமுறை யோசிக்கவேண்டும். டயாலிசிஸுக்காகத் தமனியைச் சிரையோடு இணைக்கும் ஃபிஸ்டுலா போட அந்தத் தமனி தேவைப்படலாம்.

இதயக் குழாய்க்குள் நடப்பவற்றில் கவனிக்கவேண்டியவை சில. கதீட்டர் (இதயம்வரை செலுத்தும் மெல்லிய குழாய்) நுனி இதயக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டாலோ சுவரில் முட்டினாலோ திரையில் அழுத்த அலை சப்பையாகிவிடும். அந்த நிலையில் சாய மருந்தை (எக்ஸ்ரேயில் குழாய் தெரியச் செலுத்தும் மருந்தை) அழுத்தினால் சுவர் கிழியும். அலை சரியாக இல்லையென்றால் ஊசியைத் தொடாதே என்பது பயிற்சியின் முதல் பாடம், அவசரத்தில் முதலில் மறப்பதும் அதுவே. இதயக் குழாயில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் சில பேருக்கு. பெரிய ஓட்டை உடனே தெரியும்: அங்கேயே பலூனை விரித்து அடைத்துக்கொண்டு, உறையிட்ட ஸ்டென்டோ இதய உறையில் வடிகுழாயோ தயார் செய்வார்கள். ஏமாற்றுவது சிறியது. வழிகாட்டியாக உள்ளே செலுத்தும் 0.014 அங்குல வயரின் நுனி, அதுவும் வழவழப்புப் பூச்சுள்ள வயரின் நுனி, நுண்கிளையில் போட்ட ஓட்டை. அது வார்டில், சில மணி நேரம் கழித்து, ரத்த அழுத்தம் விழும்போதுதான் வெளியே வரும். ஸ்டென்ட் வைத்தவருக்கு காரணமில்லாமல் அழுத்தம் இறங்கினால் திரவம் ஏற்றுவதோடு நிறுத்தாமல் எக்கோ கருவியையும் கொண்டுவரவேண்டும்.

ஸ்டென்ட் முழுதாக விரியாமல் விட்டது பின்னாளில் அடைப்பாகவோ உறைவாகவோ திரும்பி வரும். சுண்ணாம்பு படிந்த குழாயில் இது அதிகம். முதலில் பலூன் முழுதாக விரிகிறதா என்று பார்க்காமல் ஸ்டென்டை வைத்துவிட்டால் பிறகு அதைக் கழற்ற முடியாது. ஐவஸ் (குழாய்க்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட்) அல்லது ஓசிடி (ஒளியால் படமெடுக்கும் கருவி) கொண்டு உள்ளிருந்து பார்த்து வைப்பதற்குச் செலவும் நேரமும் கூடும். ஆனால் இடது முதன்மைக் குழாய், நீண்ட அடைப்பு, கிளை பிரியும் இடம் ஆகியவற்றில் அது ஆடம்பரம் இல்லை.

சாய மருந்தும் சிறுநீரகமும்: நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குக் கவலை குறைவு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (இஜிஎஃப்ஆர்) 40 என்றால், அதன் மூன்று மடங்கான 120 மில்லிக்குள் முடிக்கப் பார்ப்பது நடைமுறை. அதற்குள் முடியாவிட்டால், அவசரம் இல்லாதபட்சத்தில், மீதியை இன்னொரு நாளுக்குத் தள்ளுவது புத்திசாலித்தனம். தடுப்பு என்று நம்பிப் பல ஆண்டுகள் கொடுத்த அசிட்டைல்சிஸ்டீனால் பயனில்லை என்று 2018இல் பிரிசர்வ் ஆய்வு முடித்துவைத்தது. எஞ்சியிருப்பது சலைனும் சிக்கனமும்தான். சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்தவர்கள் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து கிரியாட்டினின் பார்த்துவிட்டுத் தொடரவேண்டும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாய மருந்தும் ஆகாது என்பது இன்னும் சாகாத கட்டுக்கதை. முன்பு சாய மருந்துக்கே ஒவ்வாமை வந்திருந்தால் அதுதான் முக்கியம், அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

சரி, இவ்வளவும் எதற்காக? இங்கேதான் விளம்பரத்துக்கும் ஆய்வுக்கும் இடைவெளி. முழு அடைப்பால் வரும் மாரடைப்பில் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் வாதம் இல்லை. மருத்துவமனைக்குள் வந்து 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறக்கவேண்டும் என்று நேரம் பார்ப்பதும் அதனால்தான். நடக்கும்போது மட்டும் நெஞ்சு இறுகி, நின்றால் விட்டுவிடும் நிலையான வலியில் கதை வேறு. 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர். நல்ல மாத்திரைகளோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், மாத்திரையோடு தொடங்கியவர்களுக்கும் உயிரிழப்பில் வித்தியாசம் வரவில்லை. வலி குறைந்தது, வலி அதிகம் இருந்தவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. (இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு இதைப் பொருத்தக்கூடாது.) ஸ்டென்ட் வைத்ததாக நடித்த குழுவோடு ஒப்பிட்ட ஆர்பிட்டா ஆய்வு 2017இல், மாத்திரை நன்றாக எடுத்தவர்களிடம் நடைத்திறன் குறிப்பிடும்படி கூடவில்லை என்றது. 2023இல் ஆர்பிட்டா-2 ஆய்வில், நெஞ்சுவலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது ஸ்டென்ட் வலியைக் குறைத்தது.

ஆக, நிலையான வலிக்கு ஸ்டென்ட் ஒரு வலி நிவாரணம், நல்ல நிவாரணம். "வைக்காவிட்டால் எந்த நேரமும் மாரடைப்பு" என்று மேசையில் படுத்திருப்பவரிடம் கையெழுத்துக் கேட்பது எனக்கு ஒப்பாத காரியம். படத்தில் 60, 70 சதவீதம் என்று தெரியும் அடைப்புக்கு எஃப்எஃப்ஆர் (அடைப்பைத் தாண்டியபின் ரத்த அழுத்தம் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற விகிதம்) அளந்தீர்களா என்று கேட்கலாம். 0.80க்கு மேல் இருந்தால் அந்த அடைப்பைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

மற்ற தமனிகளை ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். கழுத்துத் தமனியில் 2010இல் வந்த கிரெஸ்ட் ஆய்வின்படி ஸ்டென்டில் பக்கவாதம் சற்று அதிகம், அறுவையில் மாரடைப்பு சற்று அதிகம். வயதானவர்களுக்கு அறுவையே மேல். சிறுநீரகத் தமனியில் ஸ்டென்ட் வைத்து ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆசையை 2014இல் கோரல் ஆய்வு பெருமளவு அடக்கிவிட்டது. தொடையில் ஓடும் நீண்ட தமனி ஒவ்வோர் அடிக்கும் மடங்கி முறுக்கிக்கொள்வதால் அங்கே ஸ்டென்ட் இதயத்தைப்போல நீடிப்பதில்லை. மீண்டும் அடைப்பதை விதிவிலக்காக அல்ல, கணக்கில் சேர்த்தே பேசவேண்டும்.

மாத்திரைக்கு வருகிறேன். புது ஸ்டென்ட் ரத்தத்துக்கு வெறும் உலோகம். மேலே தோல் வளரும்வரை ஆஸ்பிரினும் கூட ஒன்றும் (குளோபிடோகிரல், டிக்காகிரலார், பிரசுகிரல், இவற்றில் ஒன்று) காவல் நிற்கவேண்டும். நிலையான வலிக்கு வைத்தால் வழக்கமாக 6 மாதம், மாரடைப்புக்கு வைத்தால் 12 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் உள்ளவருக்கு மருத்துவர் ஒன்று முதல் மூன்று மாதமாகச் சுருக்கலாம். ஸ்டென்டுக்குள் ரத்த உறைவு வருவது நூற்றுக்கு ஒருவருக்கு ஏறக்குறைய. வந்தால் அது பெரிய மாரடைப்பு. மிகவும் ஆபத்தான காலம் முதல் 30 நாள்.

மாத்திரை நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் சில்லறையானவை. பல் பிடுங்கவேண்டும் என்று பல் மருத்துவர் நிறுத்தச் சொல்வார். ஒரு பல்லுக்கு நிறுத்தத் தேவையில்லை, ஈறில் அழுத்திப் பிடித்தால் நிற்கும். டிக்காகிரலார் எடுப்பவர்களில் சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல இருக்கும், பயந்து தாங்களே விட்டுவிடுவார்கள். வேறு மாத்திரைக்கு மாற்றலாம், நிறுத்தக்கூடாது. குடலிறக்கம், மூட்டு மாற்று என்று தள்ளிப்போடக்கூடிய அறுவைகளை ஆறு மாதமாவது தள்ளிப்போடுங்கள். தள்ளமுடியாவிட்டால் இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி இரண்டாவது மாத்திரையை மட்டும் நிறுத்தட்டும். மூளை, தண்டுவடம் போன்ற சில அறுவைகளைத் தவிர ஆஸ்பிரின் தொடரும்.

ஸ்டென்ட் அட்டையை வாங்கி, வைத்த தேதி, எந்தக் குழாய், விட்டம், நீளம் நான்கும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கத் தயங்கும் இடத்தில் அதைக் காட்டலாம். இன்றைய இதய ஸ்டென்டுகள் அதற்குத் தடையில்லை. முதல் மாதத்தில் பழைய வலி அதே இடத்தில் திரும்பி, ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால், வாயுவா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் போங்கள். மாத்திரையைக் கடைசியாக எப்போது விழுங்கினீர்கள் என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.